வணிகப் பக்கம் படித்த மதினிக்கு

என் பிரியமான மதினி,

நீங்கள் இருந்தவரை உங்களை இப்படி ஒருநாளும் அழைத்ததில்லை. 'மதினி' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், "என்ன ஏட்டி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருப்பீர்கள். இப்போது கேட்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதிவிட்டேன்.

சங்கர் வருகிறான். ஆடி முடிவதற்குள் அவனைக் கப்பலிலிருந்து இறக்கிவிடுகிறார்களாம். வழக்கம்போலத் திருவனந்தபுரம் வரை விமானம், அங்கிருந்து கார். நீங்கள் போன பிறகு முதல்முறையாக இந்த வீட்டுக்கு வரப்போகிறான்.

வந்ததும் கேட்பான். போனில் ஏற்கெனவே கேட்டுவிட்டான். "அத்தை, கடைசில அம்மா என்ன சொன்னா?" நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் போனை வாங்கி, "ஒண்ணும் சொல்லலப்பா. தூங்குனாப்ல போயிட்டா" என்று சொல்லிவிட்டார்.  உங்கள் மகன் "சரிப்பா" என்றான். அவன் நம்பவில்லை என்பது அந்தச் 'சரி'யிலேயே தெரிந்தது.

நீங்கள் தூங்கினாற்போலப் போகவில்லை. அந்த ஆம்புலன்ஸில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் மிச்சம் இருக்கிறோம். ஒருவர் சொல்ல வேண்டாம் என்கிறார். இன்னொருத்தியான நான், உங்களிடம் கேட்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இந்த வீட்டில் இப்படிப்பட்ட கேள்விக்கு விடை வைத்திருந்தது நீங்கள் ஒருவர்தான்.

ஊரடங்கு வருஷத்தை நினைத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் அத்தனை வருஷம் இருந்தும் என்ன பேசியிருப்போம்? தண்ணீர் வந்ததா, கேஸ் தீர்ந்ததா. நான் காலையில் குற்றாலம் பஸ் ஏறிக் கல்லூரி நூலகத்துக்குப் போனால் மாலையில் திரும்பி நேராக மாடி ஏறிவிடுவேன். "படிச்சவ, பேச மாட்டா" என்று அக்கம்பக்கத்தில் எனக்காக நீங்களே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அந்தச் சித்திரையில் சங்கர் ஒப்பந்தம் முடிந்து வந்திருக்க வேண்டும். பெரிய சரக்குக் கப்பல், மலை மலையாகக் கன்டெய்னர் அடுக்கிய கப்பல். எந்தத் துறைமுகத்திலும் ஆளை இறங்கவும் விடவில்லை, மாற்று ஆளை ஏறவும் விடவில்லை. கம்பெனியிலிருந்து அண்ணனுக்கு மெயில் வரும். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் படிப்பார். பிறகு "எல்லாம் நல்லபடியா இருக்காம்" என்பார்.

ஒருநாள் நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

"ஏட்டி கோமதி, எனக்கு இங்கிலீஷ் பேப்பர் படிக்கச் சொல்லிக் குடு."

"எதுக்கு மதினி? தமிழ்ப் பேப்பர்லயே எல்லாம் வருதே."

"எத்தனை பேருக்குக் காய்ச்சல்னுதான் வருது. இங்கிலீஷ்ல கடைசிக்கு முந்தின பக்கத்துல கப்பல் படம் போட்டிருக்கான்."

"அண்ணன்ட்ட கேளுங்க. கம்பெனிக்காரன் மெயில் அனுப்புதான்லா."

"அவுக ஒரு பக்கம் படிச்சுட்டு எனக்கு ஒரு வரி சொல்லுதாக. மிச்ச வரியெல்லாம் எங்க போச்சு?"

அன்றைக்குத்தான் உங்களை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் தவறி, அதோடு கல்யாணமாகி வந்தவர் நீங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பீர்கள், கடை போர்டு, மருந்து அட்டை, பஸ்ஸின் நெற்றி. அதற்குமேல் தேவைப்பட்டதில்லை. இப்போது தேவைப்பட்டது.

பேப்பர் போடுகிறவர் நம் வீட்டு வாசலில் போட்டதும் நீங்கள் இடுக்கியால் எடுத்து மொட்டை மாடியில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைப்பீர்கள். கிருமி சாக வேண்டும் என்று ஊரே அப்படித்தான் செய்தது. வடகம் காய்ந்த இடத்தில் உலகச் செய்தி காய்ந்தது. வெயில் உச்சிக்கு வந்த பிறகு கீழே கொண்டுவந்து, முதல் பக்கத்தைத் தொடாமல் நேராக வணிகப் பக்கத்தைத் திருப்புவீர்கள்.

சாரல் தொடங்கியதும் வெயில் போய்விட்டது. கல்லுக்கடியில் பேப்பர் ஊறிக் கூழாகியது. நீங்கள் தோசைக்கல்லைச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு அதன்மேல் ஒவ்வொரு தாளாகப் போட்டுத் திருப்பினீர்கள். "முறுகலா வேணுமா, மெத்துன்னு வேணுமா?" என்று என்னைக் கேட்டீர்கள். நான் சிரித்தேன். அண்ணன் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார், நான் சிரிக்கிற சத்தம் அவருக்கே புதிதாக இருந்திருக்கும்.

நான் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. நூலகத்தில் புத்தகம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதோடு என் வேலை முடிந்துவிடும். நீங்கள் உங்களுக்கென்று ஒரு வழி வைத்திருந்தீர்கள். அன்றைக்குப் படித்த சொல்லை அன்றைக்கே வீட்டில் எதன் மேலாவது உட்கார வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சேராது. சாரலில் காயாமல் கொடியிலும் நாற்காலியிலும் கிடந்த துணிக்கு, தேங்கிப்போன சரக்கு மாதிரி, 'பேக்லாக்' என்று பெயர் வைத்தீர்கள். பயன்படாமல் மூலையில் நின்ற அண்ணனின் மோட்டார் பைக் 'ஐடில்'.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்து உங்கள் தம்பி ஆலங்குளத்திலிருந்து வந்து தங்கியபோது, "நாலு நாளுக்கு மேல இருந்தேன்னா டெமரேஜ் போடுவேன், பாத்துக்கோ" என்றீர்கள். சரக்கைத் துறைமுகத்தில் எடுக்காமல் போட்டுவைத்தால் கட்ட வேண்டிய அபராதம் அது என்று முந்தின நாள்தான் படித்திருந்தோம். அவர் பாவம், "அது என்னக்கா, புதுசா வந்திருக்க நோயா?" என்று முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

எல்லாச் சொல்லும் அப்படிச் சிரிக்க வைக்கவில்லை. கப்பல் பணியாளர்களைப் பற்றிய செய்தியில் 'ஸ்ட்ராண்டெட்' என்று வந்தது. உங்கள் விரல் அதில் நின்றது. நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, கரைக்கு வர வழியில்லாமல் மாட்டிக்கொள்வது என்று சொன்னேன்.

"இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?"

"இல்ல மதினி, சரியான தமிழ் யோசிச்சேன்."

"தமிழை யோசிக்கல நீ. என்னை யோசிச்சே. அது வேண்டாம். எழுதியிருக்கதைச் சொல்லு."

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. எழுதியிருந்ததைச் சொன்னேன். அது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. பிறரைத் தேற்றத் தெரியாதவள் நான். தேற்ற வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்.

'ரெசிலியன்ஸ்' என்ற சொல் தினமும் வந்தது. எனக்கு அந்தச் சொல் பிடிக்காது, கல்லூரிச் சுற்றறிக்கைகளில் அதிகம் பார்த்துவிட்டேன். அடி வாங்கியும் எழுந்து நிற்பது என்று சொன்னேன். "அப்ப அடிக்குதவனுக்கு என்ன வார்த்தை போட்டிருக்கான்?" என்று கேட்டீர்கள். பக்கம் முழுக்கத் தேடினோம். போடவில்லை.

அப்புறம் நம் இரண்டு பேருக்கும் ஒரு கணக்குத் தப்பியது. எம்.ஏ. பொருளாதாரம் படித்த நான்தான் ஆரம்பித்து வைத்தேன். உலக வர்த்தகம் படுத்துக் கிடக்கிறது, அது எழுந்தால் துறைமுகங்கள் திறக்கும், விமானம் பறக்கும், ஆள் மாற்றுவார்கள், சங்கர் வந்துவிடுவான். படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சொன்னேன். நீங்கள் அதை நேரே கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள்.

கோயில் நடை அடைத்திருந்தது. ராஜகோபுர வாசலில் நின்று கற்பூரம் ஏற்றினீர்கள். அந்த இடத்துக் காற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? ஏற்ற ஏற்ற அணைந்தது. நான் சேலைத் தலைப்பை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன், எனக்குச் சாமி மேலும் நம்பிக்கை கிடையாது, பேப்பர் மேலும் கிடையாது என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு.

பூக்கட்டுகிற அம்மா வியாபாரமில்லாமல் உட்கார்ந்திருந்தவர், "என்னம்மா இவ்வளவு நேரமா வேண்டுதீக?" என்று கேட்டார்.

"உலக வியாபாரம் நல்லா நடக்கணும்னு."

"ஏன், நீங்க ஏத்துமதி கீத்துமதி பண்ணுதீகளா?"

"ஒரு பிள்ளைய ஏத்துமதி பண்ணியிருக்கேன்" என்றீர்கள். அந்த அம்மா ஒரு முழம் பூவை அறுத்துச் சும்மா கொடுத்தார்.

உங்கள் வேண்டுதல் பலித்தது, மதினி. புரட்டாசி, ஐப்பசியில் உலகம் வாங்கத் தொடங்கியது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த சனம் எல்லாம் நாற்காலி, கம்ப்யூட்டர், விளையாட்டுச் சாமான் என்று வாங்கித் தள்ளியது. கப்பல் வாடகை ஏறியது, கன்டெய்னர் கிடைக்கவில்லை. 'சர்ஜ்', 'ரீபவுண்ட்' என்று வர்த்தகம் எழும்பியதைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். நாம் அன்றைக்குப் பாயசம் வைத்தோம்.

நான் மாடியில் கல்லூரிக் கூட்டத்தைக் கம்ப்யூட்டரில் கேட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் பேப்பரோடு கதவருகே வந்து நின்றீர்கள். உள்ளே வரவில்லை. அன்றைக்கு என்னைக் கேட்காமல் நீங்களாகவே ஒரு பத்தியை முழுசாகப் படித்திருந்தீர்கள். கப்பலெல்லாம் நிறைந்து ஓடுகிறது, ஆள் மாற்றுவதற்காக வழியை விட்டுத் திரும்ப யாருக்கும் மனம் வரவில்லை, ஒப்பந்தம் முடிந்தவர்களும் தொடர்ந்து வேலை பார்க்கிறார்கள். இவ்வளவுதான் அதில் இருந்தது.

"கோமதி, நாம தப்பா கும்பிட்டுட்டோம்" என்றீர்கள்.

நான் கூட்டத்தை அணைத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட நீங்கள் பிசகவில்லை. வர்த்தகம் செழிக்கச் செழிக்க அவன் வருவது தள்ளிப்போகும். என் படிக்கட்டில் அந்தப் படியை நான் யோசிக்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் சாம்பார் இல்லை.

"சாம்பார் எங்க?" என்றார் அண்ணன்.

"துவரம் பருப்பு பர்மாவுல இருந்தும் ஆப்பிரிக்காவுல இருந்தும் கப்பல்ல வருது. இனிமே வேண்டாம்."

"ஏட்டி, நீ சாம்பார் வைக்காட்டா உலக வர்த்தகம் நின்னுருமா?"

"நிக்காது. ஆனா என் அடுப்புக்குச் சாமான் கொண்டு வரணும்னு என் பிள்ளை அங்கன நிக்க வேண்டாம்."

பாமாயில் போயிற்று. சூரியகாந்தி எண்ணெய் போயிற்று. பெருங்காயம் கடல் தாண்டி வருகிறது என்று படித்த அன்று அந்த டப்பாவும் பரணுக்கு ஏறியது. பக்கத்து ஊர் வடகரை அரிசி, வடகரைத் தேங்காய், காணப்பயறு, தட்டப்பயறு, மலையிலிருந்து வருகிற மிளகு, கிராம்பு. இவை மட்டும் உள்ளே வரலாம். எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய். "புளியறையைத் தாண்டி அந்தப் பக்கம் குடிபோயிட்டோமா, வீடே மலையாளத்தான் வீடு மாதிரி மணக்கு" என்று அண்ணன் புலம்பினார். அவர் சொல்லி வைத்திருந்த மிக்ஸி பார்சலில் வந்தபோது நீங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்கள்.

அண்ணன் என்னிடம் நியாயம் கேட்டு வந்தார். "நீ பொருளாதாரம் படிச்சவதானே, இவளுக்கு எடுத்துச் சொல்லு."

"சொல்லலாம்ணே. ஆனா காணத் துவையல் நல்லா இருக்கே."

"ரெண்டு பேரும் சேந்துட்டீகளா? சரி, சவத்தை விடு" என்று கையைக் கழுவிக்கொண்டு போனார். நாம் இரண்டு பேரும் சேர்ந்துவிட்டோம் என்பதை அவர்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னார்.

உங்கள் விரதம் எங்கே உடைந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது. பொங்கலுக்குப் பல காய் போட்டு வைக்கிற குழம்புக்குப் பருப்பு இல்லாமல் ஆகாது. "சூரியனுக்கு மட்டும்" என்று அனுமதித்தீர்கள். அண்ணன் அந்த இடைவெளியில் ஒரு மூட்டையையே உள்ளே கொண்டுவந்துவிட்டார். நீங்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தீர்கள். அது ஒரு தோல்வியாக உங்களுக்குத் தோன்றியதா? கேட்டிருக்கலாம்.

பங்குனியில் சங்கர் வந்தான். கேரளக் காரில் புளியறை எல்லை வரை வந்து, அங்கே சளி பரிசோதனைக்குக் கொடுத்து, பெயர் பதிந்து, நம் காருக்கு மாற வேண்டும். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் டீக்கடை ஓரமாக நாம் மூன்று பேரும் நின்றோம். லாரிகள் வளைவு வரை நின்றன. அவன் தடுப்புக்கு அந்தப் பக்கம் இறங்கியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதி ஆளாக இருந்தான்.

"நல்லா இருக்கேம்மா" என்றான், அங்கிருந்தே. ஒவ்வொரு போனிலும் சொன்ன அதே வாக்கியம்.

சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். எந்தத் தாயும் அதைத்தான் கேட்பாள்.

"ஃபட்டீக் எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டீர்கள். தீராத அசதிக்கு வணிகப் பக்கத்தில் போட்டிருந்த சொல்.

அவன் அண்ணனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஃபட்டீக்கா? உனக்கு யாரும்மா சொன்னா?"

"யாரு சொல்லணும்? பேப்பர்ல போட்டிருக்கான். கப்பல்ல இருக்கவுக எல்லாருக்கும் ஃபட்டீக், டிஸ்ட்ரெஸ்னு. எய்யா, எல்லாருக்கும் அப்படின்னா உனக்கு மட்டும் எப்படி நல்லா இருக்கும்?"

அவன் பெட்டியைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. பிறகு பேசத் தொடங்கினான். தூக்கம் வராமல் போனதை, ஒரு மாதம் முழுக்க யாரோடும் பேசப் பிடிக்காமல் இருந்ததை, கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றதை. அண்ணன் முகத்தைத் திருப்பி லாரிகளைப் பார்த்தார். நான் டீ வாங்கி வருகிறேன் என்று நகர்ந்துவிட்டேன். யாராவது அழத் தொடங்கினால் நான் அங்கே இருப்பதில்லை, உங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் மட்டும் நின்றீர்கள். தொட முடியாத தூரத்தில், வெயிலில், அவன் சொல்லி முடிக்கும் வரை.

என் மாடி அறையில் அவன் தனித்திருந்த நாட்களில் ஒருமுறை கதவுக்கு வெளியிலிருந்து கேட்டேன், ஏன் முன்பே சொல்லவில்லை என்று. "தமிழ்ல அம்மாட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல அத்தை. அவளே அந்த வார்த்தையைச் சொன்னதும் வந்துட்டு" என்றான்.

அதன்பிறகு அவன் பரீட்சை எழுதினான், திரும்பக் கப்பல் ஏறினான், பதவி உயர்ந்தான். பயம் போய்விட்டதா என்று நீங்கள் கேட்கவில்லை. "இந்தத் தடவை தூக்கம் வருதா?" என்று போனில் கேட்பீர்கள். அவனும் வராத நாளில் வரவில்லை என்று சொல்வான். வணிகப் பக்கத்தை நீங்கள் விடவில்லை. செங்கடல் பக்கம் போகாமல் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகின்றன என்பதை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். படித்துச் சொல்லும் வேலை அண்ணனுக்கு இல்லாமல் போனது.

இப்போது வைகாசிக்கு வருகிறேன். இதை எழுதுவதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். தென்காசியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் அண்ணன் உங்கள் தலைமாட்டில், நான் எதிரே. வலி இருந்தது. உங்கள் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. ஆலங்குளம் தாண்டியதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள்.

"கப்பல் எங்கன நிக்கு?"

அண்ணன் முந்திக்கொண்டார். "வருதான், வருதான். வந்துட்டே இருக்கான்."

நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஆப்பிரிக்காவுக்குக் கீழ, மதினி. பக்கத்துல கரை இல்ல."

"அப்ப வரமாட்டான்."

"இப்ப வர முடியாது, மதினி."

"கோமதி, வாயை மூடு" என்றார் அண்ணன். அவர் என்னை அப்படிச் சொன்னதே கிடையாது.

நீங்கள் கொஞ்ச நேரம் மேலே பார்த்தீர்கள். பிறகு, "எனக்குப் பயமா இருக்கு ஏட்டி" என்றீர்கள். ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "எனக்கும் பயமா இருக்கு மதினி" என்றேன். நீங்கள் தலையை அசைத்தீர்கள். அதற்குப் பிறகு பேசவில்லை.

இதைத்தான் சங்கரிடம் சொல்ல வேண்டாம் என்கிறார் அண்ணன். என்னையும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை. "கடைசி நேரத்துல அவ நம்பிக்கையைப் பிடுங்கிட்டே" என்று ஒரே ஒருமுறை சொன்னார். பிறகு எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது இன்னும் கனமாக இருக்கிறது. அவர் சொல்வது சரியோ? வருகிறான் என்ற நினைப்போடு நீங்கள் போயிருக்கலாமோ? ஊரடங்கின்போது சமையலறையில் கேட்டதும் அந்த வண்டியில் கேட்டதும் ஒரே கேள்விதானா, அல்லது வண்டியில் நீங்கள் வேறொன்றைக் கேட்டு நான் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டேனா? இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

கப்பல் அப்புறம் ஒரு துறைமுகத்தைத் தொட்டபோது உங்கள் காரியமெல்லாம் முடிந்திருந்தது. "இனி வந்து என்னப்பா, ஒப்பந்தத்தை முடிச்சுட்டே வா" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அவன் அழுதானா என்று தெரியாது. அண்ணன் போனில் அதைச் சொல்லும்போதும் நான் மாடியில்தான் இருந்தேன்.

இங்கே இப்போது நல்ல சாரல். குற்றாலம் மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவுக்கு மேலே தண்ணீர் விழுந்து இரண்டு நாள் குளிக்கவிடவில்லை. அப்படியும் கூட்டம் குறையவில்லை, கார்கள் காசிமேஜர்புரம் வரை நிற்கின்றன. ரம்புட்டான் குவித்து வைத்து விற்கிறார்கள். வணிகப் பக்கத்தில் தினமும் 'டாரிஃப்' வருகிறது, அமெரிக்கா போடுகிற இறக்குமதி வரி. பலசரக்குக் கடை அண்ணாச்சிகூட, "டாரிஃப் போட்டுட்டான்லா, இறால் விலை என்ன ஆகுதோ" என்கிறார். நீங்கள் இருந்தால், அதை இதற்குள் அண்ணன் மேல் உட்கார வைத்திருப்பீர்கள்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலை அண்ணன் மாடிக்கு வந்தார். அவர் மாடி ஏறுவதே அபூர்வம். ஜன்னல் வழியே மேகம் மூடின மலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவன் கேட்டா என்ன சொல்லப்போறே?"

"நடந்ததைச் சொல்லுவேன்ணே."

"அவ பயந்ததையுமா?"

"அதையும்தான்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "அவ என்னைத் திரும்பியே பாக்கல கோமதி. நான் சொன்னதை அவ நம்பலன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுட்டு" என்றார். இத்தனை நாள் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்.

நான் தேற்றத் தெரியாதவள், மதினி. நான் பார்த்ததை மட்டும் சொன்னேன். நீங்கள் கடைசிவரை அவர் சட்டையைப் பிடித்திருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் பெண்தான் விரலை ஒவ்வொன்றாக விடுவித்தது. "கேக்குததுக்கு என்னைப் பாத்தாங்க. பிடிக்கதுக்கு உங்களைத்தான் பிடிச்சாங்க" என்றேன். அண்ணன் சட்டையின் முன்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இறங்கிப் போகும்போது, "சொல்லுதப்ப நானும் கூட இருக்கேன். இதையும் சேத்துச் சொல்லு" என்றார்.

ஆகவே, மதினி, சொல்லப்போகிறேன். வலி இருந்தது என்று சொல்வேன். கப்பல் எங்கே என்று கேட்டீர்கள், தூரத்தில் என்று நான் சொன்னேன், அது சரியா தப்பா என்று எனக்கே தெரியாது என்று சொல்வேன். நீங்கள் பயந்தீர்கள் என்று சொல்வேன். அவன் கோபப்பட்டால் படட்டும், என் மேலேயே படட்டும். அழுவான். அப்போது எழுந்து மாடிக்குப் போக மாட்டேன். டீ போடப் போகிறேன் என்று நகர மாட்டேன். அவன் முடிக்கும் வரை அதே இடத்தில் உட்கார்ந்திருப்பேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

என்றும் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்
உங்கள் நாத்தனார்,
கோமதி
தென்காசி